குணசீலத்தில் ஒரு மண்டலம்

திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்தில், முசிறி, நாமக்கல் மார்க்கமாகச் சேலம் செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால் முதலில் காவிரிப் பாலம் வரும். திருவரங்கத் தீவைக் கடந்ததும் கொள்ளிடப் பாலம் வரும். அதற்கப்பால் நம்பர் ஒன் டோல்கேட்டில் வண்டி மேற்கே திரும்பி, ஆற்றின் வடகரைச் சாலையில் ஓடத் தொடங்கும். வாழைத் தோட்டங்களும் வயல்களும் மாறிமாறி வர, மரங்களின் இடைவெளியில் இடப்புறம் அவ்வப்போது நீர் மின்னும். இச்சாலையில் 20 கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட தொலைவில், பிரசன்ன வேங்கடாசலபதி கோயில் கொண்டருளும் குணசீலம் அமைந்துள்ளது. மனம் கலங்கியவர்களை உற்றார் அழைத்து வந்து பெருமாளின் திருமுன் அமர்த்தும் தலம் என்று தமிழகம் முழுவதும் அறியப்பட்ட ஊர் இது.

இவ்வாண்டு ஐப்பசியில் ஒரு புதன்கிழமை என் தம்பியுடன் அங்கே சென்றிருந்தேன். மூன்று ஆண்டுகளாக நாங்கள் இருவரும் இம்மாதத்தில் சென்று வருகிறோம். ஒரு துளசி மாலை சாத்தி, உச்சிக்காலத் தீர்த்தம் பெற்று, மாலைக்குள் வீடு திரும்பிவிடுவோம். கொள்ளிடப் பாலத்தின்மேல் பேருந்து செல்லும் அந்த ஓரிரு நிமிடங்கள் மட்டும் நான் பேசாமல் இருப்பது வழக்கம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வழியில் திருவாசியில் இறங்க வேண்டும் என்று தம்பி விரும்பினான். திருப்பாச்சிலாச்சிராமம் என்று தேவாரம் போற்றும் பாடல் பெற்ற தலம் அது. சுவாமி மாற்றுரைவரதீசுவரர்; அம்பாள் பாலாம்பிகை. பெருமாளைச் சேவிக்கப் புறப்பட்டவர்கள் நடுவே சிவாலயத்தில் இறங்குவதேன் என்று சிலர் கேட்கலாம். ஆனால் குணசீலத்துக்குப் போகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று இங்கே இருக்கிறது. இப்பகுதியை ஆண்ட கொல்லி மழவனின் மகளுக்கு முயலகன் என்னும் கொடிய நோய் கண்டது. மருத்துவம் பலவும் செய்து பயன் காணாத தந்தை, மகளைக் கொண்டுவந்து கோயிலிலேயே கிடத்தினான். அவ்வேளையில் திருஞானசம்பந்தர் எழுந்தருளினார். உணர்விழந்து கிடந்த பெண்ணைக் கண்டார், பதிகம் பாடினார், அவள் எழுந்து வந்து தந்தையின் அருகில் நின்றாள். பெரியபுராணம் சொல்லும் இவ்வரலாற்றை நம்மில் பலர் அறிவோம். சம்பந்தர் யாரை நோக்கிப் பாடினார் என்பதை மட்டும் நாம் கவனிப்பதில்லை. அந்தப் பெண்ணை நோக்கி, துணிவு கொள், நல்லதை நினை என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்தப் பெண்ணை இப்படி வாட வைப்பது உமக்குத் தகுமா என்று இறைவனிடம் கேட்டார். நோயாளியின் சார்பில் இன்னொருவர் போய் வழக்காடியதுபோல் இருக்கிறது அந்தப் பதிகம்.

இத்தலத்து நடராசப் பெருமானின் திருவடியின்கீழ் முயலகன் இல்லை. பாம்பின்மீது நின்று ஆடுகிறார். அந்தச் சன்னதியில் தம்பி நெடுநேரம் நின்றான். எதை வேண்டினான் என்று நான் கேட்கவில்லை.

மீண்டும் பேருந்து பிடித்து வாத்தலையைக் கடந்தோம். முக்கொம்பு மேலணை இங்கேதான் இருக்கிறது. 1836-ல் தொடங்கி 1838-ல் ஆர்தர் காட்டன் கட்டி முடித்த இந்த அணைக்கருகே காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்வது கொள்ளிடம். குணசீலம் இதற்கும் மேற்கே இருப்பதால், அங்கே நாம் காண்பது இன்னும் பிரியாத முழுக் காவிரி. ஐப்பசியில் இரு கரைக்கும் இடையே அது விரிந்து கிடக்கும்போது, எதிர்க்கரைத் தென்னைகள் பொம்மைகள்போல் தெரிகின்றன.

தலபுராணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தால்பிய மகரிஷியின் சீடரான குணசீலர், திருமலைக்குச் சென்று திருவேங்கடமுடையானைச் சேவித்தவர். அந்தப் பெருமான் தம் ஆசிரமத்திலும் எழுந்தருள வேண்டும் என்று காவிரிக் கரையில் தவமிருந்தார். பெருமாளும் இசைந்து, பிரசன்ன வேங்கடாசலபதியாக இங்கே தங்கினார். பின்னொரு காலத்தில் குருவின் பொருட்டுக் குணசீலர் வேறிடம் செல்ல நேர்ந்தபோது, பூசையைத் தம் சீடனிடம் ஒப்படைத்துச் சென்றார். நாளடைவில் காடு அடர்ந்தது. வனவிலங்குகளுக்கு அஞ்சிய சீடன் ஓடிவிட்டான். பெருமாளின் திருமேனியைப் புற்று மூடியது. உறையூரை ஆண்ட ஞானவர்மன் என்னும் மன்னனின் பசுக்கள் இவ்வழியே மேய்ந்தபோது, கறந்த பால் பாத்திரத்திலிருந்து மறைந்தது. மன்னன் வந்து பார்த்தான், அசரீரி கேட்டான், புற்றின்மேல் பாலைச் சொரிந்தான். மண் கரைந்து திருமேனி வெளிப்பட்டது.

இப்புராணத்தில் என் மனம் இரண்டு இடங்களில் நின்றுவிடும். முதலாவது, அஞ்சி ஓடிய சீடன். அவனுக்குச் சாபம் ஏதும் கிடைத்ததாக யாரும் சொல்வதில்லை. பயந்தவன் பயந்தான், அவ்வளவுதான். பெருமாள் புற்றுக்குள் காத்திருந்தார். இரண்டாவது, புற்றைக் கலைத்த விதம். அரசனிடம் ஆட்களுக்கும் கடப்பாரைகளுக்கும் குறைவிருந்திராது. ஆயினும் அதை இடிக்காமல், பால் ஊற்றி ஊற்றிக் கரைத்தார்கள். மனத்தின்மேல் மண் மூடியவர்களைக் கொண்டுவரும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கதை அமையாது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஊரின் பெயருக்கு, குணம் தரும் இடம் என்று மக்கள் பொருள் சொல்வார்கள். சீலம் என்ற சொல்லுக்கு ஒழுக்கம், நியமம் என்பதே நேர்ப்பொருள். நாங்கள் இங்கே ஒரு மண்டலம் தங்கியிருந்த நாளில்தான் அந்த இரண்டு சொற்களும் ஏன் சேர்ந்து நிற்கின்றன என்று எனக்கு விளங்கியது.

தம்பி அரிசி ஆலை ஒன்றில் கணக்கராக இருந்தவன். பதினைந்து ஆண்டுகளில் ஒரு ரூபாய் பிசகியதில்லை. ஒரு தை மாதத்தில், பொங்கல் கழிந்த சில நாட்களில், அவன் காலையில் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழ முடியவில்லை என்றான். பிறகு கணக்கேட்டைத் திறந்தால் எண்கள் கலங்குகின்றன என்றான். உறக்கம் போயிற்று, உணவு போயிற்று, மகளின் பள்ளிக்கூடப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவன் அவள் அருகே வந்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். காரணம் தேடினோம். கடனில்லை, பகையில்லை, வீட்டில் குறையில்லை. காரணம் இல்லாமல் ஒருவன் துயரப்படலாம் என்பதை ஏற்றுக்கொள்வதுதான் எங்களுக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பொறுத்திருங்கள் என்றார். எனக்குப் பொறுமை இருக்கவில்லை. நான் அந்நாளில் நல்லெண்ணத்தின் வலிமையைப் பற்றிய நூல்களை விரும்பிப் படிப்பவன். சத்சங்கங்களில் அதைப் பற்றிப் பேசவும் செய்தவன். தம்பியின் அறைச்சுவரில் 'எல்லாம் நன்மைக்கே' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். காலையும் மாலையும் கண்மூடி அமர்ந்து, 'நான் நலமாக இருக்கிறேன், மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்று பத்து முறை சொல்லச் சொன்னேன். மூத்தவன் சொல்லைத் தட்டாத பிள்ளை, சொன்னான். உறவினர் ஒருவர், நாமம் இருக்க மாத்திரை எதற்கு என்றார். அது எனக்கும் உவப்பாக இருந்தது. மாத்திரை அட்டைகளை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியவன் நான்தான்.

மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு தம்பி என்னிடம், "அண்ணா, நலமாக இருக்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் பொய் சொல்வதாகத் தோன்றுகிறது. ஒரு நாளைக்கு இருபது பொய். பொய் சொல்கிறவனைப் பெருமாள் எப்படித் திரும்பிப் பார்ப்பார்?" என்று கேட்டான். எதிர்மறையாகப் பேசாதே என்று அதட்டினேன். மறுநாள் மாலை அவன் வீடு திரும்பவில்லை. இரவு பத்து மணிக்குமேல், கொள்ளிடப் பாலத்தின் கைப்பிடிச் சுவரருகே தனியே நின்றிருந்தவனை, எங்கள் தெருவைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அடையாளம் கண்டு, எதையும் கேட்காமல், பேச்சுக் கொடுத்தபடியே வீட்டுக்கு அழைத்து வந்தார்.

அலமாரியைத் திறந்தேன். மறுநாள் காலை மருத்துவரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மருந்தை மீண்டும் தொடங்கினார். ஒருநாளும் விடக்கூடாது, தனியாகவும் விடக்கூடாது என்றார். குணசீலம் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு தாராளமாகப் போங்கள் என்றார்.

இங்கே ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள் தங்குவது மரபு. நட்சத்திரங்கள் 27, இராசிகள் 12, கிரகங்கள் 9. கூட்டினால் 48 என்று பெரியோர் கணக்குச் சொல்வர். நாள்தோறும் உச்சிக்காலப் பூசையின் முடிவிலும் அர்த்தசாமப் பூசையின் முடிவிலும், மனநலம் குன்றியவர்களைத் திருமுன் வரிசையாக அமர்த்தி, அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கிறார்கள். கோயிலைச் சார்ந்து மனநல மறுவாழ்வு இல்லம் ஒன்றும் அரசு உரிமத்துடன் நடைபெறுகிறது. மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார், மருந்தும் வழங்கப்படுகிறது. தீர்த்தமும் மாத்திரையும் ஒரே நாளில், ஒரே மனிதருக்கு. ஒன்று மற்றொன்றுக்குப் பகை என்று அங்கே யாரும் கருதுவதாகத் தெரியவில்லை. எங்களைப்போல் உறவினருடன் வருபவர்கள் அருகிலேயே அறை எடுத்துத் தங்குவதும் உண்டு.

இப்படியோர் ஒழுங்கு எல்லா இடங்களிலும் இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தார்கள். நலம் தேடி ஒரு புனிதத் தலத்துக்கு அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். அதன்பின்பே அரசும் நீதிமன்றமும் இத்தகைய இடங்களைத் தீவிரமாகக் கவனிக்கத் தொடங்கின. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிகளை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. இரும்புச் சங்கிலியைப் பார்த்தால் நமக்குப் பதறுகிறது. சுவரில் நான் ஒட்டிய காகிதமும் ஒருவகையில் தம்பியைக் கட்டித்தான் போட்டிருந்தது.

முதல் நாள் உச்சிக்காலம் இன்றும் கண்முன் நிற்கிறது. மண்டபத்தில் முப்பது பேர்வரை அமர்ந்திருந்தார்கள். ஓர் இளைஞர் தமக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். தம்பி தரையையே பார்த்திருந்தான். மணியோசை நின்றது. அர்ச்சகர் தீர்த்தப் பாத்திரத்துடன் வந்து, கை நிறைய நீரை எடுத்து ஒவ்வொருவர் முகத்திலும் வீசி அறைந்தார். மெல்லத் தெளிப்பதாக எண்ணியிருந்த எனக்கு அந்த வேகம் திடுக்கிட வைத்தது. துளசி மணக்கும் குளிர்ந்த நீர் பட்டதும் ஒவ்வொரு முகமும் நிமிர்ந்தது. பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அசைந்துகொண்டிருந்தவர் அசைவற்றிருந்தார். ஒரு கணம், அத்தனை பேருடைய கண்களும் ஒரே திசையில், கையில் செங்கோலுடன் நிற்கும் பெருமாளை நோக்கித் திறந்திருந்தன.

அன்றிரவு தம்பி சொன்னான்: "அந்த ஒரு நொடி எதையுமே நினைக்கவில்லை, அண்ணா." நல்லதையும் நினைக்கவில்லை, கெட்டதையும் நினைக்கவில்லை என்பது அதன் பொருள். பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் ஓய்வு அது. ஒரு நாளைக்கு இரண்டு நொடி. அதை வைத்துக்கொண்டு நாட்களைக் கடத்தினோம்.

விடியுமுன் காவிரியில் நீராட்டம். ஈரவேட்டியுடன் பிராகாரம் சுற்றுதல். காலையில் மாத்திரை. பிறகு விஷ்ணு சகஸ்ரநாமம்: நான் படிப்பேன், அவன் கேட்பான். பகலில் தீர்த்தம், உணவு, சிறிது உறக்கம். மாலையில் மீண்டும் பிராகாரம். இரவில் தீர்த்தம், மாத்திரை. இவ்வளவே எங்கள் சாதனை. பெரிய தியானமோ கடும் விரதமோ எதுவுமில்லை. எழ மனமில்லாத நாளிலும் எழ வேண்டியிருந்தது, ஏனெனில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். அவர் எழ மறுத்த நாளில் நாங்கள் தட்டுவோம். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்று மருத்துவர் சொன்னாரே, அந்த வாரங்களில் ஒரு மனிதன் எங்கே இருப்பது, என்ன செய்வது? வீட்டில் அதற்கு விடை இருக்கவில்லை. இங்கே மண்டலம் என்று முன்னோர் ஒரு விடை வைத்திருந்தார்கள்.

சகஸ்ரநாமத்தை இளமை முதல் பாராயணம் செய்து வந்திருந்தும், அது யார் யாருக்குச் சொன்னது என்பதை அந்த அறையில்தான் நான் எண்ணிப் பார்த்தேன். அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர், போரில் வென்றும் மனம் ஆறாத தருமருக்குச் சொன்னது அது. சொன்னவர் உடலில் வலி. கேட்டவர் உள்ளத்தில் வலி. கீதையும் அப்படியே. கைகால் தளர்ந்து, வாய் உலர்ந்து, உடல் நடுங்கி, வில் கைநழுவுகிறது என்று அர்ச்சுனன் முறையிடுகிறான். தம்பி மருத்துவரிடம் சொன்ன குறிகளும் ஏறக்குறைய இவையே. இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் கண்ணன் முதலில் சொல்வது, இந்தத் தளர்ச்சி உனக்குத் தகாது, உதறிவிட்டு எழுந்திரு என்பதுதான். அர்ச்சுனன் எழவில்லை. முடியாது என்று சொல்லி மௌனமாகிவிடுகிறான். பகவானே சொன்ன 'எழுந்திரு'வுக்கும் அப்போது பலன் இல்லை! அதன்பிறகே கண்ணன் புன்முறுவலுடன் தொடங்கி, பதினெட்டாம் அத்தியாயம்வரை அவன் அருகிலேயே இருந்து, அவன் கேட்ட கேள்விக்கெல்லாம் விடை சொல்கிறான். ஆறாம் அத்தியாயத்தில், மனம் காற்றைப்போல் அடக்க அரியது என்று அர்ச்சுனன் சொல்லும்போது, ஆம், ஐயமில்லை என்று ஒப்புக்கொள்கிறான். பிறகு பயிற்சியாலும் பற்றின்மையாலும் அதைப் பிடிக்கலாம் என்கிறான். நான் முதல் 'எழுந்திரு'வோடு நின்றுவிட்டவன். அதன்பின் வரும் நெடிய துணையை நான் தம்பிக்குத் தரவில்லை.

இதைக் கோயிலில் ஒரு பெரியவரிடம் சொல்லி வருந்தினேன். அவர் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. "நல்லதை நினை என்று சொல்லாதீர்கள். இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று மட்டும் இரவில் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்" என்றார்.

கேட்டேன். நான்கு இரவுகள், ஒன்றுமில்லை என்றான். ஐந்தாம் இரவு, "துளசி மாலை" என்றான். அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை. பிறகு, பிராகாரச் சுவரில் ஓடிய அணில். பிறகு, தீர்த்தம் பட்டதும் சிரித்த ஒரு சிறுவன். இருபதாம் நாளுக்குமேல் சிறிய குறிப்பேடு ஒன்று வாங்கித் தரச் சொன்னான். கணக்கர் அல்லவா? இடப்பக்கத்தில் 'வரவு' என்று தலைப்பிட்டு அன்றன்று கண்டதை எழுதினான். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தான். செலவு எழுதவில்லையா என்று கேட்டதற்கு, "அது மனப்பாடமாகத் தெரியும், எழுத வேண்டியதில்லை" என்றான். நல்லெண்ணம் என்று நான் நூல்களில் படித்தது இதுதானா என்று எனக்கு இன்றும் உறுதியில்லை. ஆனால் இதில் பொய் இல்லை. அணில் உண்மையாகவே ஓடியது.

நாற்பத்தெட்டாம் நாள் அற்புதம் ஏதும் நிகழவில்லை. சற்று உறங்கினான், சற்று உண்டான், ஊருக்குப் போய் மகளைப் பார்க்க வேண்டும் என்றான். வேறோர் அலுவலகத்தில் கணக்கெழுதத் தொடங்க மேலும் ஏழு மாதங்கள் ஆயின. மாத்திரை இன்றும் உண்டு. அளவை மருத்துவர் குறைத்திருக்கிறார். இடையில் ஒரு மார்கழியில் பழைய இருள் மீண்டும் எட்டிப் பார்த்தது. அப்போது தம்பியே என்னிடம் வந்து சொன்னான். அந்த வாரமே மருத்துவரிடம் சென்றோம். வீட்டில் இத்தகைய துன்பம் உள்ள அன்பர்கள் தலத்துக்கு வருவதோடு மருத்துவரையும் நாட வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. நள்ளிரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. எனக்கு அந்த நாளில் அது தெரிந்திருக்கவில்லை.

இம்முறை சென்றபோது உச்சிக்காலத்துக்கு இன்னும் சிறிது நேரம் இருந்தது. மண்டபத்தின் ஓரத்தில் நாமக்கல் பக்கத்து முதிய தாய் ஒருவர் மகளுடன் அமர்ந்திருந்தார். மகளுக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வந்து ஒன்பது நாளாகிறது என்றார் தாய்.

"எல்லாரும் தைரியமா இருன்னு சொல்றாங்கங்க. அவ எப்படிங்க இருப்பா? நானே இல்லீங்களே" என்றார்.

நான் என்ன சொல்வதென்று அறியாமல் நின்றேன். தம்பி அந்தத் தாயின் எதிரே தரையில் அமர்ந்தான். "நானும் இங்கே 48 நாள் இருந்தவன்தான், அம்மா. இதோ, இந்தத் தூண் பக்கத்தில்தான் உட்காருவேன்" என்றான். அந்தப் பெண் தலைப்பைச் சுற்றுவதை நிறுத்தி அவனைப் பார்த்தாள். மாத்திரை சாப்பிடுகிறாயா, அம்மா, என்று அவளிடம் கேட்டான். தலையசைத்தாள். கசக்கும் என்றான். ஆமாம் என்றாள். தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். ஒன்பது நாளில் அவள் வேற்று மனிதரிடம் பேசிய முதல் சொல் அதுவாம்.

மணி ஒலித்தது. அந்தப் பெண்ணின் வரிசையிலேயே தம்பியும் அமர்ந்தான். இப்போது அவன் அங்கே அமர வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் அமர்கிறான். அர்ச்சகர் வந்தார். நீர் முகத்தில் அறைந்தபோது, இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

பிரசாதம் பெற்று, ஆற்றங்கரையில் சிறிது நேரம் நின்றுவிட்டு, மூன்று மணி வண்டியில் ஏறினோம். நல்ல கூட்டம். திருவாசியில் அமர இடம் கிடைத்தது. தம்பி குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதினான். நான் எட்டிப் பார்க்கவில்லை. டோல்கேட் தாண்டி வண்டி கொள்ளிடப் பாலத்தில் ஏறியது. நான் வழக்கம்போல் பேச்சை நிறுத்திக்கொண்டு, கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஓடும் செந்நீரைப் பார்த்தேன்.

"அண்ணா," என்று தோளைத் தொட்டான் தம்பி. "நடத்துநர் நமக்கு இன்னும் நான்கு ரூபாய் தர வேண்டும். சத்திரம் வருவதற்குள் கேட்டு வாங்குங்கள்."